ஏட்டய்யாவும் ஏட்டுச் சுரைக்காயும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புத்தகம் வெளிவந்தால் நம் தபால் பெட்டிக்கும் காய்ச்சல் கண்டுவிடும். இந்த முறை செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்துக் கடிதங்களை மட்டும் தனியே கட்டி வைத்தேன். அவர்கள் கேட்டதில் பாதி எனக்கும் உள்ள சந்தேகம். பெயர் போட வேண்டாம் என்றவர்களே அதிகம். போலீஸ் சமாச்சாரம் என்றால் நம்மவர்களுக்குச் சொந்தப் பெயர் மறந்து, புனைபெயர் மட்டும் ஞாபகம் இருக்கும்.

‘பஸ் ஸ்டாண்டு பெஞ்சு’, செங்கல்பட்டு: பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் குற்றம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.

ஒரு வார்த்தை கூடுதலாகிவிட்டது, மன்னிக்கவும்: எந்தச் செங்கல்பட்டு?

1997 ஜூலை 1-ல் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று வகுந்தார்கள். நீங்கள் காஞ்சிபுரத்துக்காரர் ஆனீர்கள். 2019 நவம்பர் 29-ல் தமிழ்நாட்டின் 37-வது மாவட்டமாகச் செங்கல்பட்டு பிறந்தது. தொட்டில் ஆட்டம் நிற்பதற்குள், 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் வந்து கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம் பக்கத்தை அள்ளிக்கொண்டது. ஆக, கலெக்டரின் செங்கல்பட்டு வேறு, எஸ்.பி.யின் செங்கல்பட்டு வேறு. கேளம்பாக்கத்தில் வீடு புகுந்து திருடினால் நிலம் செங்கல்பட்டு, கணக்கு தாம்பரம்.

இதோடு விட்டதா? செங்கல்பட்டு ஜங்ஷன் பிளாட்பாரத்தில் செயின் போனால் அது ரயில்வே போலீஸ் கணக்கு. படிக்கட்டு இறங்கி வெளியே வந்ததும் போனால் உள்ளூர்க் கணக்கு. கடலோரத்துக்குத் தனிப் போலீஸ் உண்டு. பத்து வருஷ ஒப்பீடு கேட்கிறீர்கள். பாகம் பிரித்த வீட்டில் பழைய மின்கட்டண ரசீதை வைத்துக்கொண்டு ‘கரண்ட் கம்மியாகிவிட்டது’ என்று சந்தோஷப்படுகிற கதை அது.

ஒரு இல்லத்தரசி, மறைமலை நகர்: சி.எஸ்.ஆர். போட்டாச்சு என்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா என்று கேட்டால் முறைக்கிறார்கள். இரண்டுக்கும் என்னம்மா வித்தியாசம் என்று மகள் கேட்கிறாள்.

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர். என்பது குற்றம் நடந்ததாகச் சட்டம் காதில் வாங்கிக்கொண்டது. டெல்லியில் அச்சாகும் புத்தகத்தில் எஃப்.ஐ.ஆர். மட்டுமே எண்ணிக்கையில் சேரும். ரசீதுக்கு அங்கே இடம் கிடையாது.

என் கதையையே சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பைக்கில் வந்த இரண்டு பேர் கையில் இருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம், எல்லா ஸ்டேஷனிலும் அந்த மேஜை ஒன்றுதான். ஆறிப்போன டீ, மூலை மடிந்த கார்பன் தாள், குண்டூசி டப்பா. ரைட்டர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, ‘பறித்துச் சென்றனர்’ என்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

“சார், பறிச்சான்னு எழுதினா எவன், வண்டி நம்பர் என்ன, எல்லாம் நாளைக்கு உங்களைத்தான் கேப்பாங்க. காணோம்னு எழுதிக் குடுங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். சிம் வாங்க அதுவே போதும்.”

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு கறுப்புப் பலகை. கொலை, கூட்டுக்கொள்ளை, வழிப்பறி, கன்னக்களவு என்று வெள்ளை பெயின்ட்டில் வரிசை. எதிரே வருஷவாரியாகக் கட்டங்கள். அந்த வருஷத்து வழிப்பறிக் கட்டத்தில் சாக்பீஸால் ஒரு பூஜ்யம். அழகான, வட்டமான பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக் கெடுக்க எனக்கும் மனசு வரவில்லை என்று இப்போது வேடிக்கையாகச் சொல்கிறேன். நிஜம் என்னவென்றால் கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயம். ‘காணவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். 2013 நவம்பர் 12-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால், வழக்குப் பதிவது அதிகாரியின் விருப்பம் அல்ல, கடமை. இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அது 173-வது பிரிவு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஸ்டேஷனில் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் பூர்வாங்க விசாரணைக்குப் புதுச் சட்டம் ஒரு சந்து விட்டிருக்கிறது. அதற்கும் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும்.

‘உளிச்சத்தம்’, மாமல்லபுரம்: போலீஸின் வேலை எப்படி என்று சொல்லும் கணக்கைப் போலீஸே எழுதுவது நியாயமா?

உளியோடு வேலை செய்கிறவர் நீங்கள், அர்ஜுனன் தபசுப் பாறையை என்னைவிட நன்றாகப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள். அந்தப் பூனையிடம், ‘இன்றைக்கு எத்தனை எலி பத்திரமாக இருக்கிறது, ஒரு அறிக்கை கொடு’ என்று கேட்டால் என்ன கிடைக்குமோ, அதுதான் உலகத்தில் எல்லா நாட்டிலும் கிடைக்கிறது.

பூனைக்காகவும் ஒரு வார்த்தை. ஸ்டேஷன் நிலவரம் ஆயிரம் இருக்க, எண் கூடினால் இன்ஸ்பெக்டரை மீட்டிங்கில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறோம். எண் குறைந்தால் கைதட்டுகிறோம். பிறகு எண் குறைகிறது. பிரிட்டனிலும் இதே கூத்துதான். 2014 ஜனவரியில் அங்கத்திய புள்ளிவிவர ஆணையம் போலீஸ் எழுதும் குற்றக் கணக்குக்குக் கொடுத்திருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற முத்திரையைப் பிடுங்கிக்கொண்டது. அதே வருஷம் காவல் ஆய்வாளர் குழு ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ப் பார்த்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸிடம் வந்து சொல்லப்பட்ட குற்றங்களில் சுமார் 19 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 8 லட்சம், பதிவேட்டில் ஏறவே இல்லை என்று தெரிந்தது. அங்கே 1982 முதல் வீடு வீடாகப் போய் ‘உங்களுக்கு என்ன நடந்தது’ என்று தனியாக ஒரு சர்வே எடுக்கிறார்கள். போலீஸ் கணக்கை அதோடு வைத்துப் பார்க்கலாம். நம்மிடம் அந்த இரண்டாவது தராசு இல்லை. சென்னை உட்பட நான்கு நகரங்களில் 2017-ல் ஒரு ஆய்வு நிறுவனம் அப்படி ஒன்று எடுத்துப் பார்த்தது. மதுராந்தகத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் யார் வருவார்கள்?

‘கூட்டல் கழித்தல்’, திருக்கழுக்குன்றம்: தமிழ்நாட்டில் குற்றம் ஒரே வருஷத்தில் ஐந்து மடங்கு கூடியதாக எங்கோ படித்தேன். நிஜமா?

நிஜம். 2019-ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் பதிவான வழக்கு 1,68,116. 2020-ல் 8,91,700. அந்த வருஷம் நாம் எல்லாரும் எங்கே இருந்தோம்? வீட்டில்.

ஊரடங்கில் பால் வாங்க வெளியே வந்தவர், மீன் வாங்கப் போனவர், சும்மா தெருமுனையைப் பார்க்கப் போனவர் எல்லார் மேலும், அரசு உத்தரவை மீறியதாக, 188 போன்ற பிரிவுகள் பாய்ந்தன. நாடு முழுக்க 2019-ல் 29,469 ஆக இருந்த 188 வழக்குகள் 2020-ல் 6,12,179 ஆயின. வழக்குப் போடுவதில் நம் போலீஸ் மற்ற மாநிலங்களைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. 2021 பிப்ரவரியில் சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகளை வாபஸ் வாங்குவதாக அரசே அறிவித்தது. வழக்கு போனது, புத்தகத்தில் எண் போகவில்லை. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சி மாணவர் 2020-ஐப் பார்த்து, தமிழர்கள் அந்த வருஷம் ஏன் இப்படிக் கொலைவெறி பிடித்து அலைந்தார்கள் என்று முனைவர் பட்டம் வாங்கிவிடுவார்.

பெயர் வேண்டாம் சார், சித்தாமூர் பக்கம்: சாராய வழக்கு குறைந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார்கள். அப்புறம்தான் சாவு விழுந்தது. எப்படி?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், உங்கள் பக்கம் பெருங்கரணை, பேரம்பாக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த சில நாட்களில் மாநிலம் முழுக்கச் சோதனை, கொத்துக்கொத்தாகக் கைது, லிட்டர் லிட்டராகப் பறிமுதல். அந்த வாரத்து எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு, சாராயக் குற்றம் திடீரென்று பொங்கி எழுந்ததாகத் தோன்றும்.

குற்றத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, யாரோ வந்து புகார் கொடுத்தால் தெரிவது: திருட்டு, அடிதடி. இன்னொன்று, போலீஸ் தானே தேடிப் போனால்தான் தெரிவது: சாராயம், கஞ்சா, சூதாட்டம். சாராயம் வாங்கியவர் ‘என்னிடம் விற்றுவிட்டார்கள்’ என்று மனு கொடுக்க மாட்டார். அதனால் இரண்டாவது ஜாதியின் எண், குற்றத்தைக் காட்டுவதைவிடப் போலீஸ் ஜீப் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையே காட்டும். வழக்கே இல்லாத ஸ்டேஷனில் சாராயம் இல்லாமல் இருக்கலாம். தேடுவதே இல்லாமலும் இருக்கலாம். பலகையில் இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்தான்.

இன்னொன்று. குடித்து இறந்தவர்களை விபத்து மரணங்களும் தற்கொலைகளும் என்ற தனிப் புத்தகத்தில் ஒரு தலைப்பின் கீழ் வைக்கிறார்கள். 1967 முதல் வரும் புத்தகம் அது. குற்றப் புத்தகத்தைப் புரட்டுகிறவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு வருஷம் கழித்து, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் சாராயச் சாவு அறுபதுக்கும் மேல் போனது.

ஒரு மீனவர், கொக்கிலமேடு: போதைப்பொருள் பறிமுதல் கூடினால் போலீஸ் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தமா, கடத்தல் கூடிப்போச்சுன்னு அர்த்தமா?

உங்கள் ஊரில் மூன்றாவது அர்த்தமும் உண்டு: காற்று அந்தப் பக்கமாக அடித்தது.

2020 ஜூனில் உங்கள் குப்பத்துக் கரையில் ஒரு டிரம் ஒதுங்கியதே. உள்ளே சீன எழுத்து போட்ட டீத்தூள் பொட்டலங்கள். திறந்து பார்த்தால் மெத்தாம்பெட்டமின், சுமார் 78 கிலோ. கடல் கொண்டுவந்து கொடுத்ததைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் அதுவும் பறிமுதல் எடையில்தான் சேரும். அந்த வருஷ வரைபடத்தில் ஒரு பெரிய மேடு இருக்கும். அதற்குப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பதாக இருந்தால் வங்காள விரிகுடாவுக்குக் கொடுக்க வேண்டும்.

‘பயந்தவன்’, திருப்போரூர்: கொலைச் செய்தி படித்துப் படித்து ராத்திரி கதவை மூன்று தாழ்ப்பாள் போடுகிறேன். சரிதானே?

போடுங்கள். காலையில் ஸ்கூட்டர் எடுக்கும்போது ஹெல்மெட்டையும் போடுங்கள். 2022-ல் தமிழ்நாட்டில் பதிவான கொலை 1,690. சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884. பத்து மடங்குக்கும் மேல். ஈ.சி.ஆரிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் கத்தி இல்லாமலேயே காரியம் நடக்கிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எல்லா எண்ணிலும் நான் ஓரளவு நம்புவது கொலை எண்ணைத்தான். சடலத்தை ‘காணவில்லை’ என்று எழுதச் சொல்வது கஷ்டம்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அச்சிறுபாக்கம்: ஒரே வீட்டில் கொலை, கொள்ளை, தீவைப்பு மூன்றும் நடந்தால் குற்றம் மூன்றுதானே?

ஒன்று, ஐயா. ஒரு எஃப்.ஐ.ஆரில் எத்தனை பிரிவு இருந்தாலும் அதில் கடுமையானதை மட்டும் எண்ணுவது காப்பகத்தின் வழக்கம். கொலை எண்ணப்படும். கொள்ளையும் தீவைப்பும் அதன் நிழலில் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வகுப்பில் யாராவது இப்படிக் கூட்டியிருந்தால் முட்டிபோட வைத்திருப்பீர்கள்.

‘வடக்கே போனவன்’, கல்பாக்கம்: கேரளத்தில் படித்தவர்கள் அதிகம் என்கிறார்கள், குற்றமும் அதிகம் என்கிறது புள்ளிவிவரம். படிப்பு கெடுக்குமா?

படித்தவன் புகார் கொடுப்பான், கொடுத்தால் எழுதவும் வைப்பான். எண் ஏறும். ‘குற்றம் கூடுவதும், குற்றப் பதிவு கூடுவதும் வேறு வேறு’ என்ற பொருளில் காப்பகமே தன் புத்தகத்தில் ஒரு எச்சரிக்கை போட்டிருக்கிறது. சிகரெட் பெட்டியில் போட்ட எச்சரிக்கையை எத்தனை பேர் படிக்கிறார்களோ அத்தனை பேர் இதையும் படிக்கிறார்கள். டி.வி. விவாதத்தில் மாநிலங்களை ரேங்க் போட்டுக் கத்துகிறவர்கள் நிச்சயம் படித்தவர்கள் அல்லர்.

‘ஹோட்டல் பில்’, மாமல்லபுரம்: லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று வகுக்கிறார்களே, எங்கள் ஊரில் யார் தலையை எண்ணுவார்கள்? எங்களையா, டூரிஸ்டையா?

நச்சென்ற கேள்வி. எண்ணுவது உங்கள் தலையை. 2011 கணக்கெடுப்பில் உங்கள் ஊரின் மக்கள்தொகை சுமார் 15,000. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பழையதை உத்தேசமாக நீட்டித்துத்தான் வகுக்கிறார்கள். ஆனால் 2021-22-ல் உங்கள் ஊர்ச் சின்னங்களைப் பார்த்த வெளிநாட்டவர் மட்டும் 1,44,984 பேர். அந்த வருஷம் தாஜ் மஹாலுக்கே 38,922 பேர்தான். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுகிற மாதிரி போட்டோ எடுத்த உள்நாட்டுக்காரர்கள் கணக்கு தனி.

வாரக்கடைசியில் வந்த சுற்றுலாப் பயணியின் பர்ஸ் போகிறது. மேலே எழுதும் எண்ணில் அவர் இருக்கிறார், கீழே வகுக்கும் எண்ணில் அவர் இல்லை. சுற்றுலா ஊர்கள் எல்லாம் இருப்பதைவிட மோசமாகத் தெரிய இந்த வகுத்தல் ஒன்றே போதும். மாவட்ட அளவில் வகுக்கும்போது இது கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, நிம்மதியாக இருங்கள்.

கல்லூரி மாணவி, பொத்தேரி: செயின் பறிப்பு திடீரென்று கூடினால் நம்பலாமா?

2024 ஜூலை 1 தேதிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் ஜாக்கிரதை. பழைய தண்டனைச் சட்டத்தில் ‘பறிப்பு’ என்று தனிக் குற்றமே கிடையாது. திருட்டிலோ வழிப்பறியிலோ அடங்கிக் கிடந்தது. அந்தத் தேதியில் அமலுக்கு வந்த பி.என்.எஸ். சட்டம் அதற்கு 304 என்று தனிப் பிரிவு கொடுத்திருக்கிறது. புதுப் பெட்டி திறந்தால் அதில் ஏதாவது விழத்தானே செய்யும்? வேடிக்கை என்னவென்றால், அதைப் பற்றிய முழுப் புத்தகம் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் டிகிரி வாங்கிப் போயிருப்பீர்கள். 2022-ன் கணக்கு 2023 டிசம்பரில் வந்தது. 2023-ன் கணக்கு 2025 செப்டம்பர் கடைசியில் வந்தது. போன தீபாவளி பட்டாசுக்கு இந்தத் தீபாவளியில் கூட அல்ல, அதற்கும் அப்புறம் காதைப் பொத்திக்கொள்கிறோம்.

‘நாடகப் பிரியன்’, செய்யூர்: பல்லவர் காலத்தில் இந்தத் தொல்லை இருந்திருக்காது அல்லவா?

பல்லவ மன்னர் மகேந்திரவர்மனே எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ ஒரு காணாமல்போன வழக்குதான்! ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியில் ஒரு காபாலிகனின் கபாலப் பாத்திரம் போய்விடுகிறது. குடிபோதையில் அவன் ஒரு புத்த பிட்சுவின் மேல் பழி போடுகிறான். பஞ்சாயத்து நடக்கிறது. கடைசியில் பாத்திரத்தைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய், அதை வைத்திருந்தவன் ஒரு பைத்தியக்காரன். திருட்டு என்று எழுதுவதா, தொலைந்தது என்று எழுதுவதா? குற்றவாளி நாய் என்றால் எந்தப் பிரிவு? ஆட்சியில் இருந்த ராஜாவே தன் தலைநகரத்து நீதியைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். காவல்துறை மானியக் கோரிக்கையின்போது சட்டசபையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் அப்படி ஒரு பக்கம் இருந்தால் விலை கொடுத்து வாங்குவேன்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், வண்டலூர்: கிண்டல் போதும் சார். எங்கள் ஸ்டேஷன் எப்படி என்று தெரிந்துகொள்ள உருப்படியாக ஒரு வழி சொல்லுங்கள்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கோ ஆணையர் அலுவலகத்துக்கோ மனு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

என்ன கேட்பது என்பதில்தான் சூட்சுமம். ‘குற்றம் எத்தனை’ என்று கேட்காதீர்கள், பூஜ்யம் வரும், அது எதற்கும் உதவாது. நான்கு எண் கேளுங்கள். போன வருஷம் உங்கள் ஸ்டேஷனில் வந்த மனு எத்தனை, அதில் சி.எஸ்.ஆர். கொடுத்தது எத்தனை, எஃப்.ஐ.ஆர். ஆனது எத்தனை, ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்றும் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்றும் மூடியது எத்தனை. பக்கத்து ஸ்டேஷனுக்கும் இதையே கேட்டு, இரண்டையும் சங்க நோட்டீஸ் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். நூறு மனுவுக்கு எண்பது எஃப்.ஐ.ஆர். போட்ட ஸ்டேஷன் குற்றம் மலிந்த ஸ்டேஷன் அல்ல. நூறு மனுவுக்கு நான்கு போட்ட ஸ்டேஷனைப் பற்றித்தான் நான் பயப்படுவேன். மனுக்கள் சிவில் தகராறு, குடும்பச் சண்டை என்று பலவிதமாக இருக்கும், நூற்றுக்கு நூறு எங்கேயும் வராது. ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாலியல் குற்றம், போக்சோ போன்றவற்றுக்கு விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பார்க்கும் வசதி உண்டு. சங்கத்தில் வேலையில்லாத இளைஞர் யாராவது இருந்தால் உட்கார்ந்து எண்ணட்டும். டெல்லிப் புத்தகத்துக்காக இருபத்தோரு மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

அதே இல்லத்தரசி, மறைமலை நகர் (இரண்டாவது கடிதம்): அது சரி, உங்கள் போன் கிடைத்ததா?

இல்லை. ஆனால் பறிபோகவும் இல்லையே அம்மா, பலகையைப் பார்க்கவில்லையா?